கருமருந்துத் தோட்டாவுக்கு வீட்டிலேயே தக்கை வெட்டுதல்: முழுமையான வழிகாட்டி

தக்கை என்பது தோட்டாவுக்குள் மருந்தின் மேல் வைக்கும் வட்டத் துண்டு. கருமருந்து (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) நிரப்பிய தோட்டாவில் அதற்கு மூன்று வேலைகள் உண்டு. எரிந்து விரியும் வாயு, குண்டையோ ரவையையோ (சிறு ஈயமணிகளையோ) முந்திக்கொண்டு ஓடாமல் அடைக்க வேண்டும். ஈயத்தின் அடிப்பாகத்தை வெப்பம் தின்றுவிடாமல் காக்க வேண்டும். மருந்து கொஞ்சமும் ஆடாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மசகு ஏற்றிய தக்கை, போகிற வழியில் குழலின் கரிக்கசடையும் இளக்கிவிட்டுப் போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கையில் இருக்கும் பஞ்ச் கருவியால் (வட்டமாக வெட்டும் குழாய்க் கருவி) கையில் கிடைத்த அட்டையை வெட்டிக் குவித்துவிட்டு, அதன் பிறகு தோட்டாவில் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். முதலில் தோட்டாவின் உறையை அளக்க வேண்டும். அந்த அளவுக்குக் கருவி, அந்தக் கருவிக்கு ஏற்ற பொருள், எல்லாவற்றுக்கும் கடைசியில் மசகு. இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு படியையும் இரண்டு முறை செய்ய நேரும்.

1. தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியவை

தோட்டாவை வீட்டில் நிரப்புவதற்கு உங்கள் நாட்டில் அனுமதி உண்டா, எந்த உரிமம் வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தக்கை வெறும் அட்டைதான். அது போய்ச் சேரும் தோட்டா அப்படியல்ல.

இங்கே சொல்லும் தக்கைகள் கருமருந்துக்கு மட்டுமே. புகையில்லா மருந்தில் தக்கையின் இறுக்கமும் தடிமனும் மாறினாலே அழுத்தம் எகிறும். அதற்கு வீட்டில் வெட்டிய தக்கையைப் போடவே கூடாது. கருமருந்தின் அளவையும் மருந்து தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையிலிருந்தே எடுங்கள். இந்த வழிகாட்டியில் மருந்தளவு எதுவும் இல்லை.

மெழுகு உருக்கும் இடமும் மருந்து வைத்திருக்கும் இடமும் ஒரே அறையாக இருக்கக் கூடாது. தக்கை வேலை எல்லாம் முடிந்து, அடுப்பு அணைந்து, கை கழுவிய பிறகுதான் மருந்து டப்பா வெளியே வர வேண்டும்.

தேவையான பொருட்கள்: வெர்னியர் காலிப்பர், பஞ்ச் கருவி, மரச்சுத்தி அல்லது டிரில் பிரஸ், அடியில் வைக்க ஒரு பலகை, கம்பளி ஃபெல்ட், அட்டை, தேன்மெழுகு, ஆட்டுக் கொழுப்பு, பாரஃபின் மெழுகு, ஒன்றுக்குள் ஒன்று வைத்து உருக்க இரண்டு பாத்திரங்கள், கிராம் காட்டும் தராசு. இவற்றில் காலிப்பரிலும் பஞ்ச் கருவியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். மற்றவை சுமாராக இருந்தாலும் வேலை நடக்கும்.

2. எந்தத் தோட்டாவுக்கு எந்தத் தக்கை

ரவைத் தோட்டாவில் மூன்று விதத் தக்கைகள் சேர்ந்து ஓர் அடுக்காக நிற்கும். மருந்தின் மேல் சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள கெட்டி அட்டை. வாயுவை அடைப்பது இதுதான். அதன் மேல் 10 முதல் 12 மி.மீ. உயரமுள்ள மெத்தைத் தக்கை. ஃபெல்ட் அல்லது மென்மையான மரநார்ப் பலகையால் ஆன இது அதிர்ச்சியைத் தாங்கும், மசகைச் சுமக்கும். ரவைக்கு மேல் 0.5 முதல் 0.8 மி.மீ. தடிமனில் மெல்லிய மூடி அட்டை.

.45-70 (ஒரு ரைஃபிள் தோட்டா அளவு) போன்ற குண்டுத் தோட்டாவில் பெரும்பாலும் ஒரே ஒரு தக்கை போதும். 0.76 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. தடிமனில் அடர்த்தியான நார் அட்டை. குண்டின் பள்ளங்களிலேயே மசகு இருப்பதால் இந்தத் தக்கையை உலர்ந்ததாகவே வைக்கலாம். காகிதம் சுற்றிய குண்டுக்கு மட்டும் மசகை வேறு வழியில் கொடுக்க வேண்டியிருக்கும். 10ஆம் பகுதியில் அது வருகிறது.

மூடி அட்டையை மருந்தின் மேல் போட்டால் அது கிழிந்து வாயு கசியும். 3 மி.மீ. அட்டையை ரவைக்கு மேல் மூடியாகப் போட்டால் வெளியேறும்போது ரவையை ஒதுக்கித் தள்ளி, குறிப்பலகையில் நடுவில் ஓட்டை விழுந்த வளையமாகச் சிதறடிக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடாதீர்கள்.

3. உறையின் உள்விட்டத்தை அளந்து எழுதுதல்

துப்பாக்கியின் மேல் பொறித்திருக்கும் எண்ணை வைத்துத் தக்கை அளவை முடிவு செய்யாதீர்கள். அந்த எண் குழலைக் குறிக்கிறது. தக்கை முதலில் உட்காருவது உறைக்குள். இரண்டின் உள்விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இது மிகப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது முழுப் பித்தளை ரவைத் தோட்டாவில். 12 போர் (bore, ரவைத் துப்பாக்கிக் குழலின் அளவெண்) குழலின் பெயரளவு விட்டம் 18.5 மி.மீ. பிளாஸ்டிக் உறையின் சுவர் தடிமனாக இருப்பதால் 12 போர் தக்கை அதில் இறுக்கமாக உட்காரும். பித்தளை உறையின் சுவர் மெல்லியது, உள்ளே இடம் அதிகம். அதே தக்கையைப் போட்டால் தானாக நழுவி விழும். அதனால்தான் 12 போர் பித்தளை உறைக்கு 11 போர் தக்கையோ 10 போர் தக்கையோ தேவைப்படுகிறது.

பெயரளவு விட்டங்கள் இவை: 10 போர் 19.7 மி.மீ., 11 போர் 19.1, 12 போர் 18.5, 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் 14.0, .410 தோட்டாவுக்கு 10.4 மி.மீ.

அளக்க வேண்டியது உங்கள் துப்பாக்கியில் சுட்ட உறையை. புது உறை சுடும்போது, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு விரியும். நீங்கள் திரும்ப நிரப்பப்போவது விரிந்த அந்த உறையைத்தான். குறைந்தது ஐந்து உறைகளை எடுத்து, காலிப்பரின் உள்தாடையை வாய்க்குள் விட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு திசைகளில் அளந்து எழுதுங்கள். உறையின் வாயை மறுபடி சுருக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், சுருக்கிய பிறகு அளக்க வேண்டும்.

வாயில் மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். தக்கை உட்காரும் ஆழத்தில் உறையின் சுவர் தடித்திருக்கலாம். ஒரு அட்டைத் துண்டை உத்தேச அளவில் வெட்டி, மழுங்கிய மரக்கோலால் அந்த ஆழம் வரை தள்ளிப் பாருங்கள். வழியில் திடீரென இறுகினால் சுவர் அங்கே குறுகுகிறது என்று பொருள்.

எவ்வளவு பெரிதாக வெட்டுவது? கெட்டி அட்டை, நார் அட்டை இரண்டும் உள்விட்டத்துக்குச் சமமாகவோ 0.05 மி.மீ. வரை கூடுதலாகவோ இருக்கலாம். அதற்கு மேல் போனால் தள்ளும்போது கிண்ணம்போல் வளையும். ஃபெல்ட்டும் மரநாரும் அமுங்கும் பொருட்கள் என்பதால் 0.3 முதல் 0.5 மி.மீ. வரை பெரிதாக இருப்பது நல்லது. விரலால் தொட்டதும் உள்ளே விழும் தக்கையைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

4. பஞ்ச் கருவியைத் தேர்வதும் செய்துகொள்வதும்

கடையில் கிடைக்கும் வட்டப் பஞ்ச் கருவியில் பார்க்க வேண்டியது அதன் சரிவு எந்தப் பக்கம் தீட்டப்பட்டிருக்கிறது என்பதை. சரிவு வெளிப்பக்கம் இருந்தால் வெட்டும் முனை உள்விட்டத்தில் நிற்கும். தக்கையும் அதே அளவில், நேரான விளிம்போடு வரும். சரிவு உட்பக்கம் இருந்தால் தக்கை பெரிதாக வெட்டப்பட்டுக் குழாய்க்குள் நசுங்கி ஏறும், விளிம்பு சாய்ந்துவிடும். வெளிச்சரிவு உள்ளதையே வாங்குங்கள்.

மேலே பொறித்த அளவை நம்பாமல் ஒரு அட்டையை வெட்டி அளந்து பாருங்கள். சில அளவுகள் தற்செயலாக நன்றாகப் பொருந்தும். முக்கால் அங்குலக் கருவி 19.05 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 11 போர். எட்டில் ஐந்து அங்குலக் கருவி 15.9 மி.மீ., 20 போர் ஃபெல்ட்டுக்கு ஏற்றது. 14 மி.மீ. கருவி 28 போருக்குச் சரி. 12 போர் பிளாஸ்டிக் உறைக்குத்தான் தொல்லை: 18 சிறியது, 19 பெரியது. மெத்தைத் தக்கைக்கு 19 ஓடும். கெட்டி அட்டைக்கு 18.5 மி.மீ. கருவியைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்குவதே நிம்மதி.

குண்டுத் தோட்டாவுக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சுட்ட, பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி) நீக்கிய காலி உறை ஒன்றை எடுத்து, அதன் வாயை வெளிப்பக்கமாக அரம் போட்டுக் கத்திமுனையாக்குங்கள். முனை உள்விட்டத்தில் நிற்பதால், வெட்டும் தக்கை அதே அளவு உறைக்குள் உட்காரும் அளவில் வரும். உறையின் அடிப்பாகத்தில் பிரைமர் குழி இருந்த இடத்தை டிரில்லால் பெரிதாக்கினால் அந்த வழியே ஒரு கோலை விட்டு வெட்டிய தக்கைகளைத் தள்ளி எடுக்கலாம். பித்தளை சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். நூற்றுக்கணக்கில் வெட்டப்போகிறீர்கள் என்றால் எஃகில் ஒன்று கடைந்து, கடினப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பொருள்: எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

ஃபெல்ட் கம்பளியாக இருக்க வேண்டும். கைவினைப் பொருட்களுக்கு விற்கும் வண்ண ஃபெல்ட்டில் பெரும்பாலானது பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். அது வெப்பத்தில் உருகிக் குழலில் ஒட்டும். ஒட்டிய பிளாஸ்டிக்கின் மேல் கரிக்கசடு படிந்தால் சாதாரணச் சுத்தத்தில் போகாது.

சோதிப்பது எளிது. ஓர் இழையைப் பிய்த்து இடுக்கியில் பிடித்துத் தீ வையுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். விற்பவர் என்ன சொன்னாலும் ஒவ்வொரு புதுத் தாளிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பழைய கம்பளித் தொப்பி நல்ல மூலப்பொருள், அடர்த்தியாக இருக்கும். தடிமன் சுமார் 3 மி.மீ. வேண்டும்; மெத்தைத் தக்கையின் உயரத்துக்கு இவற்றை அடுக்கிக்கொள்ளலாம். விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் தளர்ந்த ஃபெல்ட் வாயுவை அடைக்காது.

மருந்தின் மேல் போடும் கெட்டி அட்டைக்குப் படச்சட்டம் போடுபவர்கள் பயன்படுத்தும் அட்டையும், புத்தகம் கட்டும் சாம்பல் அட்டையும் பொருந்தும். ஒன்றரை மி.மீ. அட்டை என்றால் இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 3 மி.மீ. ஆக்கலாம். மூடி அட்டைக்குத் தானிய உணவுப் பெட்டியின் அட்டையே போதும்.

குண்டுத் தோட்டாவுக்கு என்ஜின் கேஸ்கட் செய்யும் நார்த்தாள் மிகச் சிறந்தது. தடிமன் சீராக இருக்கும், ஈரத்தில் ஊதாது. பால் அடைத்து வரும் அட்டைப்பெட்டியும் நன்றாக வேலை செய்கிறது. அதன் மெல்லிய பாலித்தீன் பூச்சு, மசகு மருந்துக்குள் இறங்காமல் தடுக்கும்.

தொடக் கூடாதவை: நெளி அட்டை, ஏனென்றால் உள்ளே காற்றுக் கால்வாய்கள் இருப்பதால் ஒருபக்கமாக நசுங்கும். தெர்மக்கோல், ரப்பர், ஃபோம், எல்லாம் உருகும். களிமண், கண்ணாடி இழை, தாதுப்பொடி சேர்த்த கூரைப் பலகை குழலைத் தேய்க்கும். மெத்தைத் தக்கைக்கு மரநார் மட்டுமே உள்ள மென்பலகையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய கேஸ்கட் தாள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். எப்போது செய்தது என்று தெரியாத பழைய இருப்பை வெட்டவே வேண்டாம்.

6. வெட்டுதல்

அட்டையை முதலில் உலர்த்துங்கள். ஈரப்பதமான நாளில் அட்டை ஊதியிருக்கும், வெட்டினால் விளிம்பு பிசிறடிக்கும், உலர்ந்ததும் சுருங்கும். காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் ஒரு நாள் தட்டையாகப் போட்டு வைத்தால் போதும்.

அடியில் வைக்கும் பலகை முக்கியம். மரத்துண்டு என்றால் அதன் குறுக்குவெட்டு முகம் மேலே இருக்கட்டும். நார் ஓடும் பக்கத்தில் வெட்டினால் முனை நாரோடு சாயும். கெட்டியான பிளாஸ்டிக் காய்கறி வெட்டும் பலகையும் பொருந்தும். இரும்பு, கல், சிமெண்டுத் தரை மேல் ஒரு அடி அடித்தாலும் முனை மடிந்துவிடும்.

சுத்தியால் வெட்டுவதென்றால் கருவியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே அடியில் வெட்டுங்கள். இரண்டு மூன்று சின்ன அடிகள் போட்டால் கருவி ஒவ்வொரு முறையும் சற்று நகர்ந்து விளிம்பில் படி விழும். டிரில் பிரஸ் இருந்தால் அதுவே மேல்: கருவியை அதில் மாட்டி, மோட்டாரை இயக்காமல், மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கைப்பிடியால் அழுத்தி வெட்டுங்கள். சாய்வே வராது, சத்தமும் இல்லை.

ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. விடுங்கள். மிச்சம் பிடிக்க நெருக்கி வெட்டினால் பக்கச்சுவர் கிழிந்து முழு வட்டம் வராது. அடுத்த வரிசையை முந்தைய வரிசையின் இடைவெளிகளில் தொடங்கினால் தாள் வீணாவது குறையும்.

மெல்லிய அட்டையானாலும் இரண்டு மூன்று தாளுக்கு மேல் அடுக்கி வெட்டாதீர்கள். கீழே போகப்போக அட்டை முனைக்கு முன்னால் நசுங்கி, மேல்வட்டமும் கீழ்வட்டமும் வேறுவேறு அளவாகும். குழாய்க்குள் ஏறிய தக்கைகளையும் நிரம்ப விடக் கூடாது. இறுகினால் அவை கிண்ணமாக வளையும். பத்துக்கு ஒரு முறை கோலால் தள்ளி எடுத்து, முதல் ஒன்றையும் கடைசி ஒன்றையும் அளந்து ஒப்பிடுங்கள்.

முனை மழுங்கியதை அளவு சொல்வதற்கு முன் விளிம்பு சொல்லிவிடும். தக்கையின் கீழ்ப்பக்க விளிம்பு உருண்டு, நார் தொங்க ஆரம்பித்தால் நிறுத்தித் தீட்டுங்கள்.

7. மசகு காய்ச்சுதல்

கருமருந்தின் கசடு, கார் எண்ணெய், கிரீஸ் போன்ற பெட்ரோலிய மசகுகளோடு சேர்ந்தால் தார்போல் இறுகும். விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு ஆகியவற்றோடு மென்மையாகவே இருக்கும். பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் இதில் விதிவிலக்கு. அது கலவையை விறைப்பாக வைத்திருக்க உதவுகிறது.

நம்பகமான கலவை எடைக்கணக்கில் இது: பாரஃபின் 2 பங்கு, ஆட்டுக் கொழுப்பு 2 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு. முதல் முறைக்கு 100 கிராம், 100 கிராம், 50 கிராம் போதும். தராசில் நிறுங்கள். கரண்டிக் கணக்கில் அளந்தால் திடக்கொழுப்பும் மெழுகுச் சீவலும் ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டும்.

கொழுப்பில் உப்பு இருக்கவே கூடாது. சமையலில் மிஞ்சிய கொழுப்பை எடுத்தால் குழல் துருப்பிடிக்கும். பச்சைக் கொழுப்பை நறுக்கி, சிறு தீயில் உருக்கி, சவ்வுகளை மெல்லிய துணியில் வடிகட்டி எடுங்கள். வடிகட்டாத கொழுப்பு சில வாரங்களில் கெட்டு நாறும். ஆட்டுக் கொழுப்புக்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயும் தேன்மெழுகும் சம அளவில் கலந்து காய்ச்சுபவர்களும் உண்டு. அது இளக்கமாக இருக்கும், குளிர்ச்சியான இடத்துக்குப் பொருத்தம்.

உருக்குவது எப்போதும் கொதிநீருக்குள் வைத்த பாத்திரத்தில்தான். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகிவிடும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மெழுகு பற்றிக்கொள்ளும் சூட்டை எட்டாது. நேரடித் தீயில் வைத்த மெழுகு புகைந்து சட்டென்று எரியத் தொடங்கும். அப்படி எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். மூடி பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதலில் மெழுகுகளை உருக்கி, பிறகு கொழுப்பைச் சேர்த்து, ஒரே நிறமாகத் தெளியும்வரை கிளறுங்கள். தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவைத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உதிர்ந்தால் மெழுகு கூடிவிட்டது, கொழுப்பைச் சேருங்கள். விரல்சூட்டிலேயே குழைந்தால் தேன்மெழுகைச் சேருங்கள்.

8. ஃபெல்ட்டில் மசகு ஏற்றுதல்

உலர்ந்த ஃபெல்ட்டில் வெட்டி, பிறகு ஊறவைப்பதையே பரிந்துரைக்கிறோம். தாளையே முதலில் ஊறவைத்து வெட்டினால் வெட்டு சுத்தமாக விழும் என்பது உண்மை. ஆனால் கருவிக்குள் மெழுகு அடைத்து, தக்கையின் அளவு மெல்ல மெல்ல மாறும், வெட்டாத ஓரங்களோடு மசகும் வீணாகும். தளர்ந்த ஃபெல்ட் மட்டுமே கிடைக்கிறது என்றால் ஊறவைத்து வெட்டுவதற்கு நியாயம் உண்டு.

உருகிய மசகில் தக்கைகளைப் போட்டால் முதலில் மிதக்கும், சிறு குமிழிகள் வரும். குமிழி நின்றதும் எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே இரண்டு தட்டையான உலோகத் துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, கூடுதல் மசகைப் பிழியுங்கள். பிறகு தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஆறவிடுங்கள்.

பிழியும் வேலையைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். மசகு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். உண்மையில் தோட்டாவைக் கெடுப்பது இதுதான். மிதமிஞ்சிய மசகு வெயிலில் இளகி மருந்துக்குள் இறங்கும். எண்ணெய் பட்ட மருந்து மெதுவாக எரியும், சில சமயம் பற்றவே பற்றாது.

சோதனை: ஆறிய தக்கை ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, உங்கள் தோட்டாக்கள் சந்திக்கும் அதிகபட்சச் சூட்டில் ஓர் இரவு விடுங்கள். தாளில் எண்ணெய் வளையம் படர்ந்தால் மருந்துக்குள்ளும் அதே படரும். மறுபடி சூடாக்கிப் பிழியுங்கள், அல்லது கலவையில் தேன்மெழுகைக் கூட்டுங்கள்.

ரவைத் தோட்டாவின் மெத்தைத் தக்கையை முழுக்க ஊறவைக்காதீர்கள். ஓரத்தை மட்டும் உருகிய மசகில் உருட்டி எடுத்தால் போதும், குழலைத் தொடுவது அந்த ஓரம்தான். முழுதாக ஊறிய 12 மி.மீ. தக்கை கனத்துப்போய், குழலைவிட்டு வெளியேறியதும் ரவைக் கூட்டத்தின் நடுவே மோதி அதைக் கலைக்கும்.

9. தரம் பிரித்து வைத்தல்

தட்டையான இடத்தில் கொட்டி, வளைந்தவை, பிசிறடித்தவை, நீள்வட்டமாக வந்தவை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். குண்டுத் தோட்டாத் தக்கைகளின் தடிமனையும் அளந்து, 0.05 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருப்பவற்றை ஒரே டப்பாவில் போடுங்கள். உலர் தக்கைகளையும் மசகுத் தக்கைகளையும் சேர்த்து வைக்க வேண்டாம். டப்பாவின் மேல் பொருள், விட்டம், தடிமன், கலவை, தேதி ஐந்தும் எழுதியிருக்கட்டும்.

10. தோட்டாவில் அடுக்கும் முறை

மருந்துக்கும் தக்கைக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கவே கூடாது. கருமருந்தில் இடைவெளி விட்டால் குழலிலோ அறையிலோ வளையமாக வீங்கும் அபாயம் உண்டு. தக்கை மருந்தைத் தொட்டு, மெல்ல அழுத்தியபடி நிற்க வேண்டும்.

உயரத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். உறையின் உள்ளாழத்திலிருந்து குண்டு இறங்கும் ஆழத்தையும் தக்கையின் தடிமனையும் கழித்தால் மிஞ்சுவது மருந்துக்கான உயரம். 0.76 மி.மீ. தக்கையிலிருந்து 1.5 மி.மீ. தக்கைக்கு மாறினால் அதே மருந்து கிட்டத்தட்ட முக்கால் மி.மீ. கூடுதலாக அமுங்கும், குறியும் நகரும். தக்கையை மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே என்று நினைக்க வேண்டாம்.

குண்டுத் தோட்டாவில் தக்கையை விரலால் வாயில் மட்டமாக வைத்து, உறைக்குள் சரியாகப் பொருந்தும் தட்டையான கோலால் நேராக இறக்குங்கள். சாய்ந்து இறங்கிய தக்கை ஒரு பக்கம் வாயுவுக்கு வழி விடும். மருந்தை அமுக்குவது அதற்கென்று உள்ள டை (அச்சு) செய்ய வேண்டிய வேலை. குண்டையே வைத்து அமுக்கினால் மென்மையான ஈயம் உருக்குலையும்.

காகிதம் சுற்றிய குண்டுக்கான வரிசை: மருந்து, அட்டைத் தக்கை, 3 மி.மீ. மசகு வில்லை (மசகு ஏற்றிய ஃபெல்ட் தக்கை), மறுபடி அட்டைத் தக்கை, குண்டு. கீழ் அட்டை மருந்தை மசகிலிருந்து காக்கிறது. மேல் அட்டை, மசகு வில்லை குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு பறக்காமல் பிரிக்கிறது. இரண்டில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

ரவைத் தோட்டாவில்: மருந்து, 3 மி.மீ. உலர் அட்டை, ஓரத்தில் மசகு ஏற்றிய மெத்தை, ரவை, மூடி அட்டை. பித்தளை உறையின் வாயை மடிக்க முடியாததால் மூடி அட்டையின் ஓரத்தைச் சுற்றிச் சோடியம் சிலிக்கேட் கரைசலை மெல்லியதாகப் பூசி உலரவிடுங்கள். அது நொறுங்கும் தன்மை உடையது, சுடும்போது தூளாகிவிடும்.

முதலில் ஐந்து தோட்டாக்கள் மட்டும் நிரப்புங்கள். அவற்றைச் சுட்டுப் பார்த்த பிறகே மீதி.

11. சுட்ட தக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தல்

சுடும் இடத்துக்கு முன்னால் பத்து இருபது மீட்டருக்குள் தக்கைகள் விழுந்து கிடக்கும். களம் பாதுகாப்பானது என்று அறிவித்த பிறகு போய்ப் பொறுக்குங்கள். தக்கையில் எங்கே தவறு என்று இவை அப்படியே காட்டிவிடும்.

கீழ்முகம் சீராகக் கருத்து, விளிம்பு முழுதாக இருந்தால் அளவு சரி. விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் தக்கை சாய்ந்து இறங்கியிருக்கிறது. சுற்றிலும் கருகியிருந்தால் விட்டம் போதவில்லை, வாயு தாண்டிப் போயிருக்கிறது. இந்த நிலையில் குழலின் தொடக்கத்தில் ஈயமும் படிந்திருக்கும். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் தடிமனையோ அடர்த்தியையோ கூட்டுங்கள்.

தக்கை முன்னால் கிடைக்காமல் குறிப்பலகைக்கு அருகே கிடந்தால், குண்டோடு ஒட்டியே பறந்திருக்கிறது. நடுநடுவே ஒரு குண்டு மட்டும் காரணமில்லாமல் விலகிப் போவதற்கு இது பொதுவான காரணம். குண்டின் அடியில் மசகு படிந்திருந்தால் துடைத்துவிட்டு நிரப்புங்கள்.

குழல் வாயைப் பாருங்கள். அங்கே மசகு நட்சத்திர வடிவில் ஈரமாகப் படிந்திருந்தால் மசகு கடைசிவரை எட்டியிருக்கிறது. வாய்க்கு அருகே கசடு உலர்ந்து சொரசொரப்பாக இருந்தால் மசகு பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

சத்தம் மந்தமாக வந்தால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். துப்பாக்கியைத் திறந்து, குழலில் தக்கையோ குண்டோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள். அடைபட்ட குழலில் இன்னொரு தோட்டா வெடித்தால் குழல் பிளக்கும். விசை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழல் வாயைக் குறிப்பலகைப் பக்கமே வைத்து, குறைந்தது 60 விநாடி அசையாமல் காத்திருங்கள். இரண்டு நிலையிலும் மிஞ்சிய தோட்டா ஒன்றை உரிய முறையில் பிரித்து, மருந்தில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கருமருந்தில் சுட்ட ஃபெல்ட்டும் மரநாரும் விழுந்த இடத்தில் கனன்றுகொண்டிருக்கும், சில நிமிடங்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். காய்ந்த புல் இருக்கும் களத்தில் சுட வேண்டாம். எங்கே சுட்டாலும் ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கிளம்பும் முன் தக்கைகள் விழுந்த பகுதி முழுவதையும் நடந்து பார்த்து, புகையும் ஒவ்வொன்றையும் நனைத்துவிட்டுப் போங்கள்.